பதினேழாவது வாளி

அந்த ஊரில் ஒருவன் தள்ளாடிக்கொண்டு வந்தால், குடித்திருக்கிறான் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். "ஆள் பதினேழு" என்பார்கள். வாய் குழறத் தொடங்கினால் பதினாறு. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தால் பதினேழு. சாக்கடை ஓரத்தில் மல்லாந்துவிட்டால் பதினெட்டு. சம்பள நாளன்று மாலையில் பஸ் கண்டக்டர், "பதினேழெல்லாம் பின்னாடி போங்கப்பா, முன்னாடி பொம்பளைங்க உட்கார்ந்திருக்காங்க" என்று கத்துவார். பத்தும் ஏழும் எவ்வளவு என்று டீச்சர் கேட்டால் வகுப்பே சிரிக்கும். டீச்சரும் சேர்ந்து சிரிப்பார்.

இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் ஆளுக்கொரு கதை வைத்திருந்தார்கள். மதுக்கடையின் கதவு எண் பதினேழாக இருந்தது என்பார் தையல்காரர். பதினேழு கிளாஸ் அடித்துவிட்டு லாரியைக் கோடு போட்டதுபோல் ஓட்டிக்கொண்டு போன டிரைவர் ஒருவன் இருந்தான் என்பார் பஞ்சர் கடைக்காரர். பதினேழு வயதில் மனிதனுக்குப் புத்தி ஓரிடத்தில் நிற்காது, குடித்தவனுக்கும் அப்படித்தான் என்பார் முடிவெட்டுகிறவர். கத்தி கழுத்தில் இருக்கும்போது சொல்வதால் அவரை யாரும் மறுத்துப் பேசியதில்லை.

மூன்றும் பொய். உண்மை தெரிந்த ஆள் ஊரில் ஒருவர்தான் மிச்சம், டேங்க் மேஸ்திரி. அவர் அந்தச் சொல்லைத் தன் வாயால் சொன்னதே கிடையாது. அவர் காதில் விழும்படி எவனாவது சொன்னால் அன்றைக்கு அவன் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

மேஸ்திரி சாதாரண ஆள் இல்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் அவரை விட்டது; அவர்தான் பள்ளிக்கூடத்தை விட்டதாகச் சொல்வார். பதினாலு வயதில், பெரியவர்கள் தோள் நுழையாத ஒரு டேங்குக்குள் ஒல்லி உடம்போடு இறங்கினார். அன்றிலிருந்து முப்பத்தேழு வருஷம். இன்றைக்கு அவருக்குக் கீழே பதினெட்டு ஆள், இரண்டு வேன். பெரிய கம்பெனி என்ஜினியர்கள் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு நெற்றியைச் சொறிந்துகொண்டிருக்கும்போது, இவர் டேங்கின் வயிற்றில் விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டி, "அடியில முழங்கால் அளவு கசடு" என்பார். கோல் விட்டுப் பார்த்தால் முழங்கால் அளவே இருக்கும். எந்தக் காலேஜில் இதைச் சொல்லித் தருகிறார்கள்? முப்பத்தேழு வருஷத்தில் அவர் யாரிடமும் கை கட்டி நின்றதில்லை.

வேலை இதுதான். பெயிண்ட் கம்பெனிகளில், பெயிண்டைக் கரைக்கிற தின்னர் ஊற்றி வைக்கிற இரும்பு டேங்குகள் பஸ் நீளத்துக்குப் படுத்துக் கிடக்கும். மேலே ஓர் ஓரத்தில் ஆள் நுழையும் அளவுக்கு வாய். வருஷத்துக்கு ஒருமுறை டேங்கைக் காலி செய்து, அடியில் படிந்த கசட்டைச் சுரண்டி எடுக்க வேண்டும். ஒருவன் இடுப்பில் பெல்ட்டும் கயிறுமாக இறங்குவான். தீப்பொறி பறக்கக் கூடாது என்பதால் பித்தளைக் கரண்டியால் சுரண்டி வாளியில் அள்ளி வாய்க்குக் கீழே கொண்டுவந்து மாட்டுவான். மேலே நிற்பவர்கள் இழுப்பார்கள். ஒவ்வொரு வாளிக்கும் உள்ளே இருப்பவன் எண்ணைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். இருபது ஆனதும் ஏறிவிட வேண்டும், அடுத்தவன் இறங்குவான்.

தின்னர் ஆவி தலைக்கு ஏறினால் என்ன ஆகும் என்பது வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. வலி இருக்காது. மூச்சு முட்டாது. சுகமாக இருக்கும். சிரிப்பு வரும். எண் தப்பும்.

முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னால் வாத்து என்று ஒரு ஆள் இருந்தான். பாதத்தை அகட்டி நடப்பதால் அந்தப் பெயர். மேஸ்திரி அப்போது மேஸ்திரி இல்லை, கயிறு பிடிக்கிற இளவட்டம். வாத்தின் கயிறு அவர் கையில்தான் இருந்தது. பதினாறு வரை ஒழுங்காகச் சொன்னவன், "பதினேழு" என்றான். அடுத்த வாளிக்கும் "பதினேழு" என்றான். அப்புறம் வாளியே வரவில்லை, எண் மட்டும் வந்தது. பதினேழு, பதினேழு என்று ராகம் போட்டுப் பாட ஆரம்பித்தான். டீ குடிக்கப் போன இடத்தில் ஒரு கிளாஸ் போட்டுவிட்டு வந்திருக்கிறான் என்று மேலே நின்ற ஆறு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கயிறு பிடித்தவரும் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்தபோது உள்ளே பாட்டு நின்றுபோயிருந்தது.

அந்த ஆறு பேரில் சிலர் மதுக்கடையில் உட்கார்ந்து வாத்தின் கதையைச் சொன்னார்கள். பாட்டு வரைக்கும் சொன்னார்கள். அதற்கு மேல் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. முடிவு இல்லாத கதை சிரிப்பாகத்தானே இருக்கும்? கேட்டவர்கள் சிரித்துக்கொண்டே அடுத்த கடைக்கு எடுத்துப் போனார்கள். ஆறே மாதத்தில் ஊருக்கு ஒரு புதுச் சொல் கிடைத்துவிட்டது.

மேஸ்திரி ஆனதும் அவர் போட்ட முதல் சட்டம்: எண் தப்பினால் கேள்வி கிடையாது, இழு. இரண்டாவது சட்டம்: குடித்தவன் டேங்க் பக்கமே வரக் கூடாது. உள்ளே சிரிப்பது ஆவியா சாராயமா என்று மேலே நிற்பவன் யோசித்துக்கொண்டு நிற்கும்படி ஆகிவிடக் கூடாது. அதனால் தினமும் காலையில் பதினெட்டுப் பேரும் வரிசையில் நின்று மேஸ்திரியின் முகத்தில் ஊத வேண்டும். அவர் கண்ணை மூடி முகர்ந்து பார்த்து, "ம், போ" என்பார். முந்தின நாள் ராத்திரி குடித்ததைக்கூடக் கண்டுபிடித்துவிடுவார் என்று கம்பெனிகளில் பேச்சு. அவர் மூக்கை நம்பித்தான் வேலையே கொடுத்தார்கள்.

அந்த மூக்கு செத்துப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது. ஆயுள் முழுக்கத் தின்னரை முகர்ந்த மூக்குக்கு அதற்கு மேல் உழைக்கத் தெம்பில்லை. ஒருநாள் பக்கத்து அடுப்பில் பால் பொங்கி, வற்றி, பாத்திரமே கருகும்வரை மேஸ்திரி அங்கேயே உட்கார்ந்து செருப்புக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தார். ஓடி வந்த மனைவி அடுப்பை அணைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. அதற்கப்புறம் அவர் ஆளின் கண்ணைப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், நிற்கும்போது எந்தக் காலில் பாரம் போடுகிறான் என்று பார்த்தார். அப்படியும் மூன்று பேரைப் பிடித்தார். மூக்கு உள்ளவனால்கூட முடியாத காரியம் அது.

சிக்கல் மச்சினன் ரூபத்தில் வந்தது. மனைவியின் தம்பி. கண்டக்டர் பின்னாடி போகச் சொல்கிற கூட்டத்தில் முதல் ஆள். "அவன் குடியை விட்டுட்டான், சத்தியமா விட்டுட்டான். உங்க நிழல்ல நின்னா பிழைச்சுக்குவான்" என்று மனைவி அழுதாள். மேஸ்திரி சேர்த்துக்கொண்டார். மச்சினன் தினமும் காலையில் பளிச்சென்று பல் விளக்கிக்கொண்டு வந்து, மாமாவின் முகத்தில் புயல்போல் ஊதினான். அவன் கண் பிறந்ததிலிருந்தே சிவப்பு. நாக்கு எப்போதும் குழறல்தான். நின்றால் சாய்ந்துதான் நிற்பான். மேஸ்திரியின் வித்தை எதுவும் அவனிடம் பலிக்கவில்லை. நாற்பத்து மூன்று நாளும் கண்ணை மூடி முகர்ந்து, ஒன்றும் தெரியாமல், "ம், போ" என்றார்.

நாற்பத்து மூன்றாவது நாள்தான் அது நடந்தது.

பழைய பெயிண்ட் கம்பெனி, புது சேஃப்டி மேடம். வயது முப்பதுகூட இருக்காது. மஞ்சள் தொப்பி, கையில் நோட்டு. காலையில் அவரே டேங்க் வாயில் கேஸ் மீட்டரைத் தொங்கவிட்டுப் பார்த்தார். ஊதுகிற வரிசையை ஓரமாக நின்று கவனித்தார்.

"வாசனையை வெச்சே எழுதிடறீங்களா மேஸ்திரி? மெஷின் கிடையாதா?"

"மெஷினுக்கு பேட்டரி தீரும் மேடம். எனக்குத் தீராது."

ஆட்கள் சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை. "சரி, கையெழுத்துப் போடுங்க" என்று நோட்டை நீட்டினார். 'அனைவரும் பரிசோதிக்கப்பட்டனர்' என்ற வரிக்குக் கீழே மேஸ்திரி தன் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டார்.

முதல் இருபது வாளியை ஒருவன் முடித்து ஏறினான். அடுத்து மச்சினன் இறங்கினான். டேங்கின் நடுவில் ஒரு தடுப்புத் தகடு, அதில் ஆள் குனிந்து போகிற ஓட்டை. இந்தப் பக்கம் சுத்தம் ஆகிவிட்டதால் அவன் அந்தப் பக்க அறைக்குப் போக வேண்டியிருந்தது. புளோயர் வெளியே உறுமிக்கொண்டு, தடித்த குழாய் வழியாக உள்ளே காற்றைத் தள்ளிக்கொண்டிருந்தது. கயிறு ஒட்டகத்தின் கையில். நெட்டையான ஆள், பத்து வருஷமாக மேஸ்திரியின் வலதுகை.

"ஒண்ணு!" என்றான் மச்சினன் உள்ளேயிருந்து. குரல் இரும்பில் மோதி வந்தது. வாளி ஏறியது. இரண்டு. மூன்று. ஏழு வரை சிரமமில்லை. எட்டுக்குக் கொஞ்சம் தாமதம்.

"ஒம்பது!"

வாளி வந்தது. பாதிதான் நிறைந்திருந்தது.

"ஒம்பது!"

ஒட்டகம் மேஸ்திரியைப் பார்த்தான். உள்ளே ஒரு சின்னச் சிரிப்பு, சின்னப் பிள்ளையைக் கிச்சுகிச்சு மூட்டினால் வருவதுபோல.

"எத்தனாவது வாளிடா?" மேஸ்திரி வாயருகே குனிந்து கத்தினார்.

"ஒம்பது மாமா! எல்லாமே ஒம்பதுதான் மாமா!"

சுற்றி நின்றவர்கள் உதட்டைக் கடித்துக்கொண்டார்கள். ஒட்டகத்துக்கு அடக்க முடியவில்லை. "நம்ம மச்சான் பதினேழு போல" என்றான் மெதுவாக. மேடத்தின் தலை நிமிர்ந்தது. பேனா நின்றது.

சட்டம் என்ன? கேள்வி கிடையாது, இழு. போட்டவரே அவர்தான். ஆனால் மேஸ்திரியின் கை கயிற்றுக்குப் போகவில்லை. அந்த நேரத்தில் அவர் மனசு ஓடிய ஓட்டத்தை அவரே பிற்பாடு நினைத்துப் பார்க்கக் கூசினார். குடித்திருந்தால்? இப்போது வெளியே இழுத்துப் போட்டு மேடம் பக்கத்தில் வந்து முகர்ந்து பார்த்தால்? கீழே கையெழுத்து. பெரிய எழுத்தில். குடிகாரனை, அதுவும் சொந்த மச்சினனை, டேங்குக்குள் இறக்கிய மேஸ்திரி என்று நாளைக்கு எல்லாக் கம்பெனியிலும் சொல்வார்கள். முப்பத்தேழு வருஷம் ஒரே நாளில் மண்ணாகிவிடும். இன்னும் கொஞ்சம் பொறுத்தால் அவனே இருபதை முடித்துக்கொண்டு ஏறிவிடுவான், நேராக வேனில் ஏற்றி அனுப்பிவிடலாம்.

"என்ன ஆச்சு?" என்றார் மேடம்.

"ஒண்ணுமில்லை மேடம். விளையாட்டுப் பய. தமாஷ் பண்றான்."

உள்ளே இருந்து எண் வரவில்லை. கரண்டி இரும்பில் உரசும் சத்தம் வந்தது, நின்றது. மறுபடி ஒரு சிரிப்பு, இந்தத் தடவை தூரத்தில்.

மேஸ்திரி ஒட்டகத்தின் முகத்தைப் பார்த்தார். அவன் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது, சிரிப்பை அடக்கிய தண்ணீர்.

"இழு! இழுடா நாயே!"

ஒட்டகம் இழுத்தான். கயிறு நாலு முழம் வந்தது, அப்புறம் நின்றது. இன்னொருவன் சேர்ந்து இழுத்தான். அசையவில்லை. கயிறு தடுப்புத் தகட்டின் விளிம்பில் எங்கேயோ சிக்கியிருந்தது. இன்னும் பலமாக இழுத்தால் அறுந்துவிடும்.

"நான் இறங்கறேன் மேஸ்திரி!" ஒட்டகம் காலை வாய்க்குள் விட்டான். மேஸ்திரி அவன் சட்டையைப் பிடித்துப் பின்னால் தள்ளினார். காப்பாற்ற வெறும் மூச்சோடு இறங்கியவன் காப்பாற்ற வேண்டியவன் பக்கத்திலேயே படுத்துவிடுவான். அன்றைக்கு வாத்துக்குப் பின்னால் இறங்கியவனும் பிழைக்கவில்லை. அதை மதுக்கடையில் யாரும் சொல்வதில்லை.

காற்றுக் குழாய் மாட்டிய முகமூடி ஒன்று சட்டப்படி பக்கத்தில் இருந்தது. அதை மேஸ்திரி ஆயுளில் மாட்டியதில்லை. 'எனக்கெதுக்கு மூக்குக் கயிறு' என்று கேலி பேசியவர். எந்தப் பட்டை எங்கே போகும் என்று கைக்குத் தெரியவில்லை. மேடம் நோட்டை வீசிவிட்டு ஓடி வந்து, பட்டையைப் பின்மண்டையில் இழுத்து மாட்டி, "மூச்சு விடுங்க. விடுங்க! ம், இப்ப போங்க" என்றார்.

உள்ளே டார்ச் வெளிச்சத்தில் காற்று தண்ணீர்போல நெளிந்தது. புளோயர் குழாயின் நுனி கட்டு அவிழ்ந்து தடுப்புத் தகட்டுக்கு இந்தப் பக்கமே விழுந்து கிடந்தது. அந்தப் பக்க அறைக்குச் சொட்டுக் காற்று போகவில்லை. அங்கே கசட்டின் மேல் தோலைக் கரண்டி கிழித்ததும், அடியில் வருஷம் முழுக்க அடைந்து கிடந்த ஆவியெல்லாம் ஒரே மூச்சாகக் கிளம்பியிருக்கிறது. காலையில் அந்த நுனியை ஓட்டைக்குள் விட்டுக் கட்டியது யார்? அவரேதான். யார் கட்டினாலும் திருப்தி வராது அவருக்கு.

மச்சினன் மூலையில் வாளியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கண் திறந்திருந்தது. முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். மேஸ்திரி பெல்ட்டைப் பிடித்து இழுத்ததும் அவர் மார்பில் கையை வைத்துத் தள்ளினான். "விடு, இன்னும் ஒம்பது இருக்கு" என்று முனகினான். அதுதான் கடைசிப் பேச்சு, தலை தொங்கிவிட்டது. மேஸ்திரி கால்மேல் அவனைப் போட்டுக்கொண்டு கசட்டில் வழுக்கி வழுக்கி ஓட்டை வரை தள்ளினார். தகட்டு விளிம்பிலிருந்து கயிற்றைப் பிடுங்கியதில் உள்ளங்கை கிழிந்தது. இழுக்கச் சொல்லி மூன்று தடவை சுண்டினார். கயிறு இறுகியது. மச்சினன் கைகள் தொங்க மேலே போனான்.

வெளியே வெயிலில் கிடத்தினார்கள். உதடு நீலம். மேடம் அவன் வாயைத் திறந்து கசட்டை விரலால் வழித்துவிட்டு மார்பை அழுத்தினார். அழுத்தி அழுத்தி அவர் தொப்பி உருண்டு போயிற்று. ஒரு இருமல் வந்தது. அப்புறம் வாந்தி. அப்புறம் இழுத்து இழுத்து மூச்சு.

ஆம்புலன்ஸ்காரர் மண்டியிட்டுக்கொண்டே கேட்டார்: "குடிச்சிருக்காரா? சீக்கிரம் சொல்லுங்க, ஊசி போடணும். குடிச்சிருந்தா வேற மாதிரி பார்க்கணும்."

"பழைய குடிகாரன் சார்" என்றான் ஒட்டகம். மேஸ்திரியைக் காப்பாற்றுவதாக அவனுக்கு நினைப்பு. "இன்னைக்கும் போட்டுட்டுதான் வந்திருப்பான்."

மேடம் திரும்பினார். "மேஸ்திரி, காலையில நீங்கதானே பார்த்தீங்க. குடிச்சிருந்தாரா இல்லையா?"

குடித்திருந்தான் என்றால் குற்றம் மச்சினன் தலையில் போகும், மேஸ்திரியை ஏமாற்றிவிட்டான் என்று முடியும். குடிக்கவில்லை என்றால் மூக்கின் பெருமை நிற்கும். இரண்டில் எதைச் சொன்னாலும் நம்புவார்கள், ஊசியும் அதை நம்பியே போடப்படும்.

"தெரியாது" என்றார் மேஸ்திரி.

"தெரியாதுன்னா? ஊதச் சொல்லிப் பார்த்தீங்களே!"

"எனக்கு மூக்கு கிடையாது மேடம். பதினோரு வருஷமாச்சு. எதுவும் தெரியாது. ரத்தத்தை எடுத்துப் பார்த்துட்டு ஊசி போடச் சொல்லுங்க. என் பேச்சை நம்பிப் போடாதீங்க."

பதினேழு பேரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள். புளோயரை நிறுத்த யாருக்கும் தோன்றாததால் அது மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. மேடம் தரையில் கிடந்த நோட்டை எடுத்தார். மேஸ்திரியின் கையெழுத்தைப் பார்த்தார். அதன் பக்கத்தில் என்னவோ எழுதினார். "இனிமே நீங்க டேங்க் வாயில நிக்கக் கூடாது" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

ரத்தத்தில் ஒரு சொட்டுச் சாராயம் இல்லை என்று மத்தியானம் மூன்று மணிக்கு ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

மச்சினன் கண் விழித்தபோது கட்டில் ஓரத்தில் மேஸ்திரி கையில் கட்டோடு உட்கார்ந்திருந்தார். மனைவி மருந்துச் சீட்டோடு கீழே போயிருந்தாள். நடந்ததை எல்லாம் மேஸ்திரி ஒன்று விடாமல் சொன்னார், மூக்கு உட்பட. இப்படி ஒரு சங்கதியை யாருக்கும் சொல்லிப் பழக்கமில்லாததால் எரிச்சலோடுதான் சொன்னார், ஏதோ மச்சினன் தப்புச் செய்ததுபோல.

மச்சினன் கூரையைப் பார்த்துக்கொண்டு கேட்டான். பிறகு மெல்ல, "அட பாவி மாமா" என்றான். "இது முன்னாடியே தெரிஞ்சிருந்தா ஒரு நாளாவது போட்டுட்டு வந்திருப்பேனே." சிரிக்கப் பார்த்தான். நெஞ்சு வலித்ததால் பாதியில் விட்டான்.

தலையைத் திருப்பினான்.

"நான் உள்ள சிரிச்சேன்னு சொன்னீங்களே. உடனே இழுத்தீங்களா?"

மேஸ்திரி வாயைத் திறந்தார். உடனே என்ற சொல் நாக்கின் நுனி வரை வந்தது.

"இல்லை" என்றார்.

"எவ்வளவு நேரம்?"

"அந்தப் பொண்ணு என்ன ஆச்சுன்னு கேட்டா. தமாஷ் பண்றான்னு சொன்னேன். அதுக்கப்புறமும் நின்னேன்."

"எதுக்கு நின்னீங்க?"

"என் பேருக்கு."

மச்சினன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். முதுகு ஏறி இறங்கியது. நர்ஸ் வந்து பக்கத்துக் கட்டிலுக்கு ஊசி போட்டுவிட்டுப் போனாள். மேஸ்திரி எழுந்து போகவும் இல்லை, சமாதானம் சொல்லவும் இல்லை. யாரிடமும் எதற்கும் மன்னிப்புக் கேட்டறியாத ஆள், அதற்கு எப்படி வாயெடுப்பது என்றே தெரியாமல் உட்கார்ந்திருந்தார்.

வெகுநேரம் கழித்து, திரும்பாமலே மச்சினன் கையை மட்டும் பின்னால் நீட்டினான்.

"தண்ணி குடுங்க."

மேஸ்திரி கட்டுப் போட்ட கையால் பாட்டிலைத் திறந்து டம்ளரில் ஊற்றினார். பாதி தரையில் கொட்டியது. மீதியை அவன் விரல்கள் டம்ளரைச் சுற்றி மூடும்வரை பிடித்துக்கொண்டு நின்றார்.